திருப்பி அனுப்பும் வெயில்

மூன்றாம் பிறை பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். கீற்று பளிச்சென்று இருக்கும். மீதி நிலாவும் சாம்பல் பூசிய வட்டமாக லேசாகப் புலப்படும். அந்தப் பகுதியில் அப்போது வெயில் கிடையாது. அங்கே விழுவது பூமியில் பட்டுத் திரும்பிப் போன வெயில். திண்டுக்கல் பக்கத்து அகரத்திலோ தாடிக்கொம்பிலோ பொழுது சாய்ந்த பிறகு மேற்கே பார்க்கும்போது, நிலவுக்கு நேர் எதிரே இருப்பது அரபிக்கடலும் ஆப்பிரிக்காவும். அங்கே இன்னும் பகல். அந்தப் பக்கத்து மேகங்களில் தெறித்த ஒளி நிலவுக்குப் போய், அங்கிருந்து நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது. 500 ஆண்டுகளுக்கு முன்பே லியோனார்டோ டா வின்சி இதைச் சரியாக ஊகித்துவிட்டார். பளபளப்பது கடல்நீர் என்று அவர் நினைத்தது மட்டும் தவறு, பெரும்பங்கு மேகத்தினுடையது. 1920களில் பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே டான்ஷோன் இந்த மங்கல் ஒளியை முறையாக அளக்கத் தொடங்கினார். பிறகு கலிபோர்னியாவின் பிக் பேர் சூரிய ஆய்வகம் 1998 முதல் 2017 வரை அதே வேலையைத் தொடர்ந்து செய்து, 2021இல் முடிவை வெளியிட்டது. அந்த இருபது ஆண்டுகளில் பூமி திருப்பி அனுப்பும் வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் அரை வாட் குறைந்திருக்கிறது. குறைவின் பெரும்பகுதி கடைசி மூன்று ஆண்டுகளில் நேர்ந்தது.

அரை வாட்டுக்கா இத்தனை பேச்சு என்று தோன்றலாம். கணக்கைப் பார்த்துவிடுவோம். சூரியனுக்கு நேராக நிற்கும் ஒரு சதுர மீட்டரில், காற்று மண்டலத்துக்கு வெளியே, 1,361 வாட் விழுகிறது. பூமி உருண்டை, பாதிக்கு எப்போதும் இரவு என்பதால் சராசரி 340 வாட் ஆகிறது. அதில் ஏறக்குறைய 100 வாட் அப்படியே விண்வெளிக்குத் திரும்பிவிடுகிறது. மீதி 240 வாட்தான் நிலத்தையும் கடலையும் காற்றையும் சூடாக்கி, காற்றையும் மழையையும் நடத்துகிறது. திரும்பிப் போகும் அந்த நூறில் அரை குறைந்தால், பூமியின் மொத்தப் பரப்புக்கும் சேர்த்துக் கூடுதலாகத் தங்கும் ஆற்றல் 255 லட்சம் கோடி வாட். உலகில் எரிக்கப்படும் நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு, அணைமின்சாரம், அணுமின்சாரம் எல்லாவற்றையும் கூட்டினாலும் 20 லட்சம் கோடி வாட் அளவுக்குத்தான் வரும். வெயில் 340 வாட்டும் மாறாமல் வந்துகொண்டிருக்க, திரும்புகிற பங்கு ஒரு துளி இறங்கினாலே மனிதகுலத்தின் மொத்த எரிபொருளைப் போலப் பன்னிரண்டு மடங்கு வெப்பம் உள்ளே தங்கிவிடுகிறது. வெப்பமயமாதல் என்றால் கரிப்புகை போர்த்திய கம்பளி என்று மட்டுமே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். வெப்பம் வெளியேறுவது எவ்வளவு முக்கியமோ, வெயில் நுழைவதும் அவ்வளவு முக்கியம். இரண்டில் நம் பேச்சில் குறைவாக அடிபடுவது இந்த நுழைவுதான்.

நிலவைப் பார்த்து அளப்பது அழகான வழி. ஆனால் மேகமில்லாத இரவு வேண்டும், பிறை வேண்டும், ஒரு முறைக்குப் பூமியின் ஒரு பக்கம்தான் கிடைக்கும். முழுக் கணக்குக்குச் செயற்கைக்கோள் தேவைப்பட்டது. 1984 அக்டோபரில் சேலஞ்சர் விண்கலத்திலிருந்து ஈஆர்பிஎஸ் என்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன் தரவுகளை வைத்து நடந்த ஆய்வுகளில் முதன்மையானவர் வீரபத்ரன் ராமநாதன்: சென்னையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். அதுவரை மேகத்தைப் பற்றி ஓர் அடிப்படைக் கேள்விக்கே உறுதியான விடை இல்லை. மேகம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, அது குளிர்ச்சி. இரவில் நிலத்தின் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது, அது வெப்பம். கூட்டிக் கழித்தால் எது மிஞ்சும்? 1989இல் ராமநாதனும் சகாக்களும் விடை சொன்னார்கள். குளிர்ச்சிதான் மிஞ்சுகிறது, சதுர மீட்டருக்குச் சுமார் 13 வாட். காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் ஏற்படும் வெப்பத் தாக்கம் 4 வாட்டுக்குப் பக்கத்தில் என்பதோடு ஒப்பிட்டால் மேகத்தின் எடை புரியும். மேகத்தில் சிறு மாற்றம் வந்தாலும் கணக்கு சாயும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. 2000 மார்ச் முதல் அந்தக் கணக்கை நாசாவின் செரீஸ் கருவிகள் எழுதி வருகின்றன. டெர்ரா, அக்வா என்று தொடங்கி அடுத்தடுத்த செயற்கைக்கோள்களில் அவை பறக்கின்றன. அவையும் நிலவொளிக் கணக்கின் பக்கமே சாய்கின்றன. இந்த நூற்றாண்டில் பூமி உள்வாங்கும் வெயில் பத்தாண்டுக்கு அரை வாட்டுக்கு மேல் கூடிக்கொண்டே வந்திருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். 100 வாட்டை அளக்கும் கருவியில் ஒரு வாட் பிழை இருக்கக்கூடும் என்று செரீஸ் விஞ்ஞானிகளே ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு வாட் பிழையுள்ள கருவி அரை வாட் மாற்றத்தை எப்படிக் காட்டும்? அங்கன்வாடியில் குழந்தையை நிறுக்கும் தராசு எப்போதும் நூறு கிராம் கூட்டிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் உண்மையான எடை அதில் தெரியாது. ஆனால் போன மாதத்தைவிட ஏறியதா இறங்கியதா என்பது சரியாகத் தெரியும். செரீஸின் பலம் அதுதான். மொத்த அளவில் பிழை இருக்கலாம், ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பிழை நகராமல் இருக்கிறது. மொத்த அளவைச் சரிபார்க்கக் கடல் இருக்கிறது. பூமியில் மிஞ்சும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள்தான் போகிறது. உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 ஆர்கோ மிதவைகள் இரண்டு கிலோமீட்டர் ஆழம்வரை மூழ்கி எழுந்து வெப்பநிலையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இந்தியப் பெருங்கடலில் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனமும் மிதவைகளை விடுகிறது. வானத்திலிருந்து ஒரு கணக்கு, கடலடியிலிருந்து வேறொரு கணக்கு. 2005 முதல் 2019 வரையான ஆண்டுகளை ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே செய்தியைச் சொல்லின: பூமியில் மிஞ்சும் வெப்பம் அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கிறது. தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள் ஒத்துப்போகும்போது கருவிக் கோளாறு என்று தள்ளிவிட முடியாது.

சூரியனே கூடுதலாக எரிந்தால்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் திண்டுக்கல் மாவட்டத்தைத் தாண்ட வேண்டியதில்லை. 1881இலேயே இந்திய வானிலைத் துறையின் பிளான்ஃபோர்ட், தரையில் விழும் வெயிலின் சூடு எவ்வளவு, அது எப்படி ஏறி இறங்குகிறது என்று துல்லியமாக அளக்க ஏற்பாடு வேண்டும் என அரசுக்குப் பரிந்துரைத்தார். பஞ்சமும் பருவமழையும் அன்றைய கவலை. சுற்றிச் சுற்றி அந்த யோசனை 1899இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகமாக முடிந்தது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது அங்கேதான். நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனின் முகத்தை அன்றாடம் படமெடுத்துச் சேர்த்த உலகின் மிகச் சில இடங்களில் அது ஒன்று. அந்தப் படங்களும் பிற்காலத்துச் செயற்கைக்கோள் அளவுகளும் சொல்வது இதுதான்: சூரியன் பதினோரு ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகிறது, ஆனால் அந்த ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒன்று. பூமியின் சராசரிக்கு மாற்றினால் கால் வாட் அளவு. அதுவும் ஏறினால் இறங்கிவிடும். இருபது ஆண்டுகளாக ஒரே திசையில் நகரும் கணக்கைச் சூரியன் தலையில் கட்ட முடியாது.

அப்படியானால் வெண்மை எங்கே போனது? ஒரு பங்கு ஆர்க்டிக்கின் கடற்பனியோடு கரைந்தது. வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பும் பனி உருகினால், நூற்றுக்குப் பத்துகூடத் திருப்பாத கரிய கடல் அந்த இடத்தில் விரிகிறது. 2016க்குப் பிறகு அண்டார்டிகாவைச் சுற்றியும் அதே கதை. ஆனால் பெரிய பங்கு தாழ்மேகங்களுடையது. பசிபிக், அட்லாண்டிக் கடல்களுக்கு மேல் பாய் விரித்தாற்போல் படுத்திருக்கும் வெண்மேகங்கள் மெலிந்து வருகின்றன. 2023இல் உலக வெப்பநிலை எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 0.2 டிகிரி கூடுதலாக எகிறியதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று 2024 டிசம்பரில் ஜெர்மன் ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். மேகம் ஏன் மெலிகிறது என்பதில்தான் இன்னும் சண்டை. கடலின் இயல்பான பத்தாண்டு ஊசலாட்டம் என்கிறார்கள் சிலர். 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மேகத்துளிக்குக் கருவாக இருந்த புகைத்துகள் குறைந்ததால் மேகமும் மங்கியது என்கிறார்கள் சிலர். வெப்பமயமாதலே தாழ்மேகத்தைக் கரைக்கிறது என்பது மூன்றாவது தரப்பு. மூன்றும் கலந்து நடக்கிறது என்பது இப்போதைக்குப் பொருத்தமான முடிவாகத் தெரிகிறது. பங்கு பிரிப்பதுதான் கடினம். இருபது ஆண்டு என்பது குறுகிய காலம், இயல்பான ஊசலாட்டமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்பவர்களின் வாதத்தில் பாதி நியாயம் உண்டு. ஆனால் மூன்றாவது காரணம் ஓரளவு உண்மையென்றாலும் இனி வரும் சூடு நாம் கணக்குப் போட்டதைவிடக் கூடும். காத்திருந்து பார்க்கலாம் என்பதற்கு இது வசதியான இடமில்லை.

புகை குறைந்ததால் சூடு கூடுகிறது என்றால் புகை இருக்கட்டுமே என்று ஒரு குரல் எழும். இந்தியாவுக்கு இது வெறும் பேச்சில்லை. 2020இல் நம் புவி அறிவியல் அமைச்சகம் வெளியிட்ட அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை 0.7 டிகிரி உயர்ந்தது. உலக நிலப்பரப்பின் சராசரி உயர்வு இதைவிட அதிகம். நம் தலைக்கு மேல் கிடக்கும் புகைமூட்டம் வெயிலை மறைத்ததும் இதற்கு ஒரு காரணம். 1999இல் இண்டோயெக்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வு, மாலத்தீவை மையமாக வைத்து, இந்தியப் பெருங்கடலுக்கு மேல் சுமார் மூன்று கிலோமீட்டர் தடிமனில் பழுப்புப் படலம் இருப்பதைக் காட்டியது. அதிலும் ராமநாதன் இருந்தார். அந்தப் படலம் செய்த வேலை இரண்டு. வெளிர் துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்பின. கரித்துகள்கள் அதை நடுவழியிலேயே விழுங்கின. கடலில் விழும் வெயில் குறைந்தால் நீராவி குறையும், கடலுக்கும் நிலத்துக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் குறையும், பருவக்காற்று தளரும். நிழல் கொடுத்த அதே புகை மழையில் கைவைக்கிறது, நுரையீரலிலும் கைவைக்கிறது. மானாவாரி நிலத்துக்கு அரை டிகிரி குளிர்ச்சி முக்கியமா, ஐப்பசி மழை முக்கியமா என்று அகரம் பக்கத்துச் சம்சாரியிடம் கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதிருக்காது.

வானத்தில் வேண்டுமென்றே கந்தகம் தூவி வெயிலைத் திருப்பலாம் என்ற திட்டத்துக்கும் இதே பதில் பொருந்தும். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பிலிப்பைன்ஸின் பினாடூபோ எரிமலை. 1991 ஜூனில் வெடித்து, ஒன்றரைக் கோடி டன்னுக்குக் குறையாத கந்தக டையாக்சைடை மேலே அனுப்பியது. அடுத்த ஆண்டு உலகம் அரை டிகிரி குளிர்ந்தது. அதே 1992இல் உலக நிலப்பரப்பில் மழை கணிசமாகக் குறைந்ததை அந்தத் திட்டக்காரர்கள் அடிக்குறிப்பில்தான் சொல்வார்கள்.

சரி, வானத்தை விடுவோம், தரையை வெள்ளையாக்கலாமா? திண்டுக்கல் மாவட்டத்தின் பரப்பு ஆறாயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர். மலைக்கோட்டைப் பாறையிலிருந்து கரடு, வயல், செம்மண் காடு, பழனிமலை, சிறுமலை வரை ஒன்று விடாமல் சுண்ணாம்பு அடித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். தரை திருப்பும் வெயில் நூற்றுக்கு இருபதிலிருந்து அறுபதாகிறது. காற்றும் மேகமும் வழியில் பிடித்துக்கொள்வது போக, இங்கே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 வாட் கூடுதலாக வெளியேறும். ஆனால் உலகப் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். அதில் நம் மாவட்டம் 85,000இல் ஒரு பங்கு. பகிர்ந்தால் கிடைப்பது 0.0007 வாட். இழந்த அரை வாட்டில் எழுநூற்றில் ஒரு பங்கு. ஒரு சோளக்காடுகூட மிஞ்சாத மாவட்டத்தின் விலை அது. மேகம் இழந்ததைச் சுண்ணாம்பு ஈடுகட்டாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெண்மை ஒன்றே குளிர்ச்சி ஆகாது. கோடையில் காய்ந்த செம்மண்ணில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் மண் சட்டென்று கருத்துப்போகும். திருப்பி அனுப்பும் வெயில் பாதியளவுக்குக் குறைந்துவிட்டது என்று பொருள். ஆனால் கால் வைத்துப் பார்த்தால் நனைந்த இடம்தான் குளிர்ச்சி. உள்வாங்கிய வெயில் மண்ணைச் சுடாமல் நீரை ஆவியாக்கப் போய்விடுகிறது. மரமும் அப்படித்தான். புல்வெளியைவிடக் காடு இருண்டது, ஆனால் நம் வெப்ப மண்டலத்தில் காடு குளிர்விக்கிறது. வெண்மைக்காக மரத்தை வெட்டலாம் என்ற வாதம் இங்கே எடுபடாது. அதற்காக எந்த மரமும் நல்ல மரம் என்றும் சொல்வதற்கில்லை. பழனிமலையின் உயரப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு 1973 முதல் 2014 வரையான நாற்பது ஆண்டுகளில் வாட்டில், பைன், தைலமரத் தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது என்று 2018இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. அங்கே கவலைப்பட வேண்டியது நிறம் மாறியதற்கு அல்ல; குடகனாறு போன்ற ஆறுகள் பிறக்கும் மலையில் மழைநீரைப் பிடித்துவைத்துக் கசியவிடும் புல்தரை போனதற்கு. ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதனாலேயே அளக்கப் புறப்பட்டால் இப்படித்தான் இடறும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் மொட்டைமாடிக்கு வெள்ளையடிப்பதும் வீண் என்று முடிவுகட்டினால் அது அதைவிடப் பெரிய தவறு. பூமிக்குப் பயன்படாதது அதன் கீழே படுத்திருப்பவருக்குப் பயன்படும். சித்திரை உச்சியில் சதுர மீட்டருக்கு 900 வாட் வெயில் விழுகிறது. ஆயிரம் சதுர அடி மாடி என்றால் 93 சதுர மீட்டர். பழைய சிமெண்ட் தளம் அதில் 30 சதவீதத்தைத் திருப்புகிறது. சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ அடித்தால் 75 சதவீதத்தை. வித்தியாசம் 38 கிலோவாட். அவ்வளவு சூடும் அறைக்குள் இறங்காது, காற்று கொஞ்சம் கொண்டுபோகும். இருந்தாலும் ராத்திரி பத்து மணிக்கும் மின்விசிறி அனல் காற்றைத் தள்ளும் வீடுகளில் இரண்டு மூன்று டிகிரி இறங்குவது தூக்கம் வருவதற்கும் வராததற்கும் உள்ள வித்தியாசம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் தகரமும் போட்ட குடியிருப்புகளுக்கும், வேடசந்தூர் பக்கத்து மில் கொட்டகைகளுக்கும் இது இன்னும் அவசரம். தூசி படிந்தால் வெண்மை மங்கும், ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும் என்பது உண்மைதான். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் ஊரில் அது புதிய செலவு இல்லை. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்து, 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் என்று இலக்கு வைத்தது. தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. பேரிடர் என்று சொன்ன பிறகு, ஷீட் கூரைகளுக்குப் பூச்சுச் செலவைக் கொடுப்பதுதானே அடுத்த படி?

பூமியின் கணக்குக்கு வேண்டியது கரியமில வாயுவைக் குறைப்பதும், கணக்கை விடாமல் எழுதுவதும். முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதில் இடைவெளி விழும் அபாயம் இருக்கிறது. டெர்ராவுக்கும் அக்வாவுக்கும் வயதாகிவிட்டது. அமெரிக்காவின் அடுத்த கருவியான லிபெரா இனித்தான் பறக்க வேண்டும். ஒரு கருவி ஓய்வதற்கு முன் அடுத்தது பறந்து இரண்டும் சில காலம் சேர்ந்து அளந்தால்தான் பழைய கணக்கோடு புதியது ஒட்டும். தொடர்ச்சி அறுந்தால் அரை வாட்டைப் பற்றிப் பேசவே முடியாது. துருவச் சுற்றில் போகும் செயற்கைக்கோள்கள் பகலில் ஓர் இடத்தை ஏறக்குறைய ஒரே நேரத்தில் கடக்கும். டெர்ரா நெடுங்காலம் காலை பத்தரைக்குக் கடந்தது, அக்வா மதியம் ஒன்றரைக்கு. பழனிமலை மேல் மேகம் திரண்டு சமவெளிக்கு இறங்குவது அதற்குப் பிறகு. இந்தக் குறையை உத்தேசித்துத்தான் இஸ்ரோவும் பிரான்ஸும் சேர்ந்து 2011 அக்டோபர் 12 அன்று மேகா-டிராபிக்ஸை அனுப்பின. நிலநடுக்கோட்டை ஒட்டிச் சாய்ந்து சுற்றி, நம் பகுதியை ஒரு நாளில் பலமுறை பார்க்கும் செயற்கைக்கோள் அது. திரும்பும் வெயிலையும் வெளியேறும் வெப்பத்தையும் அளக்க ஸ்காராப் என்ற கருவி அதில் இருந்தது. மூன்றாண்டுக்கென்று அனுப்பியது பத்தாண்டு உழைத்து, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடலுக்கு மேல் எரிந்து முடிந்தது. அதே ஆண்டு சந்திரயான்-3 நிலவுச் சுற்றிலிருந்து பூமியின் எதிரொளியைப் பார்த்தது, ஆனால் அதன் நோக்கம் வேறு: உயிருள்ள கோளின் ஒளி எப்படி இருக்கும் என்று அறிவது. மேகத்தை நம்பிப் பிழைக்கும் நாடு தன் தலைக்கு மேலுள்ள மேகம் எவ்வளவு வெயிலைத் திருப்புகிறது என்று இன்னொருவர் தரவில் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஸ்காராப் இருந்த அந்தச் சாய்ந்த சுற்றுக்கு இஸ்ரோ இன்னொரு கருவியை அனுப்ப வேண்டும், அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் ஓய்வதற்கு முன்பே.